வேருக்கு விலை அதிகம்

எங்கள் செம்மண் காட்டில் நித்தியகல்யாணி விதைக்கலாம் என்று முதலில் சொன்னவர் கிதர் முகம்மது பாய். திண்டுக்கல்லில் மூலிகைச் சரக்கு வாங்கும் வியாபாரி. ஆவாரை, நிலவாகை, கடுக்காய் என்று சாக்குச் சாக்காக வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்புவார். அங்கிருந்து கப்பல். 1984 ஐப்பசியில் அவர் சாணார்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு வருடமாகக் கிணற்றில் வாளி பாறையில் முட்டும் சத்தத்தைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தண்ணி வேணாம், உரம் வேணாம், ஆடு மாடு வாய் வைக்காது. அம்புட்டும் வெளிநாட்டுக்குப் போகுது சூசைண்ணே. புத்துநோய்க்கு இதுலருந்துதான் மருந்து எடுக்குறான்."

என் கணவர் சிரித்தார். "அது சுடுகாட்டுமல்லி பாய். கல்லறையில பூக்குறதக் கொண்டாந்து எங்காட்டுல போடச் சொல்றீரே."

"கல்லறைக்குப் போறவன நிப்பாட்டுற செடிண்ணே அது."

பாய் பொய் சொல்லவில்லை. பின்னால் ஊரில் பலர் அவரைத் திட்டினார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரிந்ததைச் சொன்னார்.

விதைத்தோம். நானும் என் கணவரும் மூக்கையாவும். மூக்கையா பக்கத்துப் பட்டியிலிருந்து எங்கள் காட்டு வேலைக்கு வருகிறவன். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் இல்லாமல் ஒரு வெள்ளாமை நடந்ததில்லை. செடி முழங்கால் உயரம் வந்து, நாலு ஏக்கரும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நின்றது. பங்குனியில் முதல் தடவை இலை உருவினோம். நிழலில் காயப்போட்டு, சருகாக்கி, சாக்கில் மிதித்து அடைத்து, பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டோம். வேரை வருடம் முடிந்துதான் எடுக்க வேண்டும். இலையைவிட வேருக்கு விலை ஒன்றரை மடங்கு என்று பாய் சொல்லியிருந்தார். அதனால் வேர் அறுந்துவிடாமல் களை வெட்டுவதற்கே மூக்கையாவோடு என் வீட்டுக்காரர் தினமும் மல்லுக்கு நிற்பார்.

"ஏலே, கொத்த ஆழமாப் போடாத. அடியிலதான்டா சரக்கு இருக்கு."

"சரக்கு அடியில, வெயிலு முதுகுல. நீங்க வந்து கொத்துங்கண்ணே, நான் வரப்புல நின்னு சொல்றேன்."

சித்திரையில் அவருக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. என்னிடம் சொல்லவில்லை. காலையில் வெளிக்குப் போகிறவர் வழக்கமான இடத்தை விட்டு ஓடைக்கரை தாண்டிப் போவதைப் பார்த்து நானாகக் கேட்டேன். சூடு என்றார். மூலம் என்றார். துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தேன், ஒரு மாதம் கொடுத்தேன். ஆனி கடைசியில் அரைஞாண் கயிறு இடுப்பை விட்டு இறங்கிக் கிடந்தது. திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் கையுறை போட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்குச் சீட்டு எழுதினார்.

மதுரை டாக்டர் பொறுமையானவர். ஒரு காகிதத்தில் குடலைப் படம் போட்டுக் காட்டினார். கீழே, வாசலுக்கு நாலு விரல் மேலே, கட்டி. புற்று. வெட்டி எடுத்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் கீழ்வாசலை அடைத்துவிட வேண்டும். இடது வயிற்றில் ஒரு துவாரம் வைத்து, மலம் அந்த வழியாகப் பையில் விழும். ஆயுளுக்கும். ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை, படுக்கை தருகிறேன், காலையில் வெறும் வயிற்றோடு வந்து சேருங்கள் என்றார்.

திரும்பி வரும் பஸ் கொடைரோடு தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"வயித்துல ஓட்டயப் போட்டு, பையக் கட்டிக்கிட்டு, நான் சப்பரத்துக்குத் தோள் குடுக்கவா?" என்றார். எங்கள் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு முன்வலது தோள் அவருடையது. அவர் அப்பாவுக்குப் பிறகு பதினெட்டு வருடம்.

"தோள் குடுக்காட்டி என்ன? பாத்து நிக்கலாம்ல."

"எம்பக்கத்துல எவன் நிப்பான்?"

ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிற மனிதர். தண்ணீர் இல்லாத வருடத்திலும் ஒரு குடத்தில் பாதியை அதற்கென்று ஒதுக்கி வைப்பார். நான் நிற்பேன் என்று சொல்லியிருக்கலாம். அது பஸ் திண்டுக்கல் வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் காட்டிலிருந்து வந்தவர் கையில் நாலைந்து செடி, வேரோடு. மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இம்புட்டு மருந்தக் காடு பூராம் நட்டு வச்சுட்டு, நான் மதுரக்கிப் போயி வயித்தக் கிழிச்சுக்கணுமாக்கும்."

"இத எப்படிக் குடிக்கிறதுன்னு யாருக்குத் தெரியும்? எலயா, வேரா?"

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? எதுக்கு வெல கூட? வேருக்கு. மருந்து கூட இருக்கப்போயித்தான கூடக் குடுத்து வாங்குறான். வெள்ளக்காரன் என்ன கிறுக்கனா?"

அந்தக் கணக்கில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. நான் கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். இங்கிலீஷில் என் வகுப்பில் முதல் மார்க். இருந்தும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கடலையையும் புளியையும் மிளகாயையும் தரம் பிரித்துப் பழகின கை எங்களுடையது. எதற்கு விலை கூடவோ அதில்தான் சாரம் கூட. காட்டில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வேரை நசுக்கி நாலு சொம்புத் தண்ணீர் விட்டு ஒரு சொம்பாகச் சுண்டக் காய்ச்சினேன். கசப்பு என்றால் வேப்பெண்ணெய் தோற்கும். மூக்கைப் பிடிக்காமல் குடித்தார்.

"பத்தொம்பதாம் தேதிக்கும் போவோங்க. இதையும் குடிங்க, அதையும் செய்வோம்," என்று கெஞ்சினேன்.

"ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலா? ஒரு மாசம் பாப்போம் புள்ள. கேக்கலேன்னா நீ சொல்ற எடத்துக்கு வாரேன்."

மனசு கேட்காமல் திண்டுக்கல் போய் பாயிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நான் சரக்கு வாங்கி விக்கிறவன். அதக் காய்ச்சிக் குடிக்கலாமா கூடாதான்னு எனக்கெப்படித் தெரியும்? ஆடு திங்காததுக்கு ஒரு காரணம் இருக்குமில்ல? அவசரப்படாதீக. சரக்கு எடுக்குற கம்பெனியில படிச்ச ஆளு இருக்காரு, எழுதிக் கேப்போம்."

அவர் கடையிலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் நானே எழுதினேன். என் கணவருக்கு எங்கே கட்டி, என்ன குடிக்கிறார், எவ்வளவு, எத்தனை வேளை. பதிலை எங்கள் வீட்டு விலாசத்துக்கே போடச் சொன்னேன்.

பத்தொன்பதாம் தேதி வந்தது. முந்தின நாளே இரண்டு வேட்டி, துண்டு, தட்டு, டம்ளர், டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு பையில் வைத்துக் கதவருகே நிறுத்தியிருந்தேன். அவர் அதைத் தாண்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். மதுரை பஸ் போகும் சத்தம் கேட்டது. மத்தியானம் அந்தத் தட்டையும் டம்ளரையும் வெளியே எடுத்து அதிலேயே அவருக்குச் சோறு போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ரத்தம் நின்றது.

முதலில் நம்பவில்லை. இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து நாள். துளி இல்லை. அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது, சுவரைப் பிடிக்கிறேன் என்றார். மருந்தின் வேகம் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு கூடை வேர் பிடுங்கிக் காயவைத்தேன். செப்டம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, கோயில் வாசலில் நின்று நான் உரக்கச் சொன்னேன்: "வேர்த் தண்ணிதான். கேட்டுருச்சு." காட்டில் களை எடுத்த ஆட்களிடமும் சொன்னேன். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசினது அந்த நாலு நாளில்தான்.

புதன்கிழமை தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். தட்டச்சு செய்த இங்கிலீஷ் கடிதம், ஒரே பக்கம். கையெழுத்துப் போட்டவர் அந்தக் கம்பெனியின் ரசாயனப் பிரிவைச் சேர்ந்தவர். வாசலிலேயே நின்று படித்தேன்.

இந்தச் செடியின் இலையிலிருந்து எடுக்கும் மருந்து பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கும் நெறிகட்டும் சில புற்றுக்கும் உதவுகிறது. ஐந்நூறு கிலோ காய்ந்த இலையில் ஒரு கிராம் கிடைத்தால் பெரிது. அதையும் நரம்பு வழியாக, டாக்டர் பக்கத்தில் நின்று ஏற்ற வேண்டும். பெருங்குடல் கட்டிக்கு இதனால் பயன் கண்டதில்லை. வேர் வேறு ஆலைக்குப் போகிறது. அதில் எடுப்பது ரத்த ஓட்டத்துக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மருந்து, புற்றுநோய்க்கு அல்ல. பச்சைச் செடி விஷம். தயவுசெய்து உடனே நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குச் செல்லவும். கடைசி வரியில் 'தயவுசெய்து' இரண்டாம் தடவையும் இருந்தது.

உள்ளே அவர் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கும்பா. வெங்காயம் கடிக்கிற சத்தம் கேட்டது.

"யாரு கடுதாசி இஞ்ஞாசி?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கக்கா செபாஸ்தியம்மா."

"என்னவாம்?"

"எல்லாரும் சுகமாம்."

ஜெபப் புத்தகத்துக்குள் அதை வைத்தேன். நாளைக்குச் சொல்வோம், இன்றைக்கு ஒரு நாள் சாப்பிடட்டும் என்றுதான் வைத்தேன். மறுநாள், எழுதினவர் ஆளைப் பார்க்காமல் எழுதுகிறார், இங்கே ரத்தம் நின்றிருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் அவர் சீட்டியடித்துக்கொண்டு கயிறு திரித்தார், சொல்ல வாய் வரவில்லை. அப்படிப் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் கஷாயத்தை நான்தான் காய்ச்சினேன். பாதி வேரைக் குறைத்தேன். அதையாவது செய்தேன் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. ஊரெல்லாம் மைக் செட், தோரணம், பஸ் எல்லாம் கூட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவருக்கு வெளிக்குப் போகவில்லை. குடல் ஆறுகிறது, ஓய்வெடுக்கிறது என்றார். நானும் தலையாட்டினேன். அன்று மத்தியானம் பச்சையாக வாந்தி எடுத்தார். வயிறு பறைபோல விறைத்து நின்றது, விரலால் தட்டினால் சத்தம் வந்தது. மூக்கையா ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தான்.

மதுரையில் அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். கட்டி குடலை முழுதாக அடைத்திருந்தது. ஈரலிலும் பரவியிருந்தது. கட்டியை எடுக்க முடியவில்லை. அடைப்புக்கு மேலே குடலை வெளியே இழுத்துத் துவாரம் வைத்து, பையைக் கட்டிவிட்டார்கள். எதற்குப் பயந்து ஒரு மாதத்துக்கு மேல் கசப்பைக் குடித்தாரோ, அதுவே.

"ரத்தம் நிக்கும், திரும்ப வரும். அது நோயோட குணம். மருந்து கேட்டதுக்கு அடையாளம் இல்லம்மா," என்றார் டாக்டர். "பிரஷர் ஏன் இவ்வளவு எறங்கிக் கெடக்கு? என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

பையை நான்தான் கழுவினேன். முதல் நாள் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் என் கையைப் பார்த்துக்கொண்டே, "நீ பக்கத்துல நிக்கிறியே," என்றார்.

அந்த வாரம் பாய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று அவரிடம் நலம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கம்பெனிக்காரரு பதில் போட்டுட்டேன்னு எனக்கும் எழுதியிருந்தாரே, வந்துச்சா தங்கச்சி?" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். பாய் என் முகத்தைப் பார்த்தார், என் கணவர் முகத்தைப் பார்த்தார், தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

"எப்ப வந்துச்சு?"

"நாலாம் தேதி."

"செபாஸ்தியம்மா சுகம்னு சொன்னியே, அன்னைக்கா?"

"ஆமா."

"என்ன எழுதியிருந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வரிகூட விடவில்லை. வேர் ரத்தக் கொதிப்பு மருந்துக்குப் போகிறது என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"அப்ப வேருல ஒண்ணுமே இல்லயா?"

"இதுக்கு இல்ல."

"அப்புறம் எதுக்குடி கூட வெல?"

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தையல் வலித்திருக்க வேண்டும், உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றார்.

எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அக்டோபர் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டு. சப்பரம் தூக்குகிற ஆட்களே பெட்டியைத் தூக்கினார்கள். எல்லோரும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

கார்த்திகையில் வேர் எடுக்கும் பருவம். உழுது புதைத்துவிட நினைத்தேன். இலை யாரோ ஒரு பிள்ளையின் ரத்தத்துக்குப் போகிறது என்ற வரி நினைவுக்கு வந்து, மூக்கையாவை வரச் சொன்னேன். இரண்டு நாள் இலை உருவினோம். மூன்றாம் நாள் வேர் பிடுங்கும்போது அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, ரெண்டு கை வேரு வேணும். சின்னக்காமுக்கு நாலஞ்சு மாசமா ரத்தம் போகுது." சின்னக்காமு அவன் மனைவி.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தைக் கொண்டுவந்து, வெயிலில் நின்று, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பச்சைச் செடி விஷம் என்பதை மூன்று தடவை சொன்னேன்.

"நீங்கதானக்கா சொன்னீக, கேட்டுருச்சுன்னு."

"தெரியாமச் சொன்னேன் மூக்கையா. அது கேக்கல. அதக் குடிச்சு நாளக் கடத்தித்தான் செத்தாரு."

"அண்ணன் மதுரக்கிப் போயி வயித்தக் கிழிச்சப்புறந்தான செத்தாரு? இங்கன இருந்த வரைக்கும் நல்லாத்தான கூழு குடிச்சாரு?" என்றான். கோபமில்லை. எனக்குப் புரியவைக்கிறவன்போலச் சொன்னான். "ஒங்க வீட்டுக்குன்னா வேரு, எங்களுக்குன்னா காயிதம். இருக்கட்டும்க்கா."

சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அந்த நிமிடம் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அப்படியானால் என் கணவரும் கேட்டிருக்கமாட்டார். அவன் மனைவி சாகப் போகிறாள் என்று தெரிந்து நிற்கிற இடத்தில் எனக்கு ஆறுதல் வந்தது. இத்தனை வருடத்தில் யாரிடமும் நான் சொல்லாதது இதுதான்.

"அவளுக்கு மூலமாக்கூட இருக்கும். யாரும் பாக்கலையே. பாத்துட்டாவது வருவோம். நாளைக்குக் காலையில முத பஸ்ஸு, நான் கூட வாரேன், டாக்டரு எனக்குத் தெரிஞ்சவரு," என்றேன். சரி என்றான். கூடையில் வேர் இருந்தது. பிடுங்குகிறவன் அவன், கட்டுகிறவன் அவன். நான் கொடுக்கவில்லை என்பதற்கு அங்கே என்ன அர்த்தம்?

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். முதல் பஸ் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின. பத்து மணிக்கு அவர்கள் பட்டிக்கு நடந்தேன்.

இப்போது குடல் கட்டிக்கு ஒரு மரத்திலிருந்து எடுத்த மருந்தை ஏற்றுகிறார்கள் என்று சமீபத்தில் படித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் அந்தச் சரக்கு இருக்கிறதாம். அப்போது எங்கேயோ ஆராய்ந்துகொண்டிருந்திருப்பார்கள். பாய் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

அன்று நான் போனபோது சின்னக்காமு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தை நகர்த்தி இடம் விட்டாள். பக்கத்து அடுப்பில் சட்டி வைத்த சூடு இன்னும் இருந்தது. அந்தக் கசப்பு வாசனை எனக்குத் தெரியும்.

"வாங்கக்கா. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். இவரு ஒங்ககிட்டக் கேக்குறதுக்கு முன்னயே எடுத்தாந்து, நாலு நாளாக் காய்ச்சித் தாராரு." முகம் மலர்ந்திருந்தது. "ரத்தம் கொறஞ்சிருச்சு. முந்தாநாளுல இருந்து வெளிக்குக்கூடப் போகல, வயிறு அப்படியே கம்முன்னு இருக்கு."

நான் அவள் சேலையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தேன். கூச்சத்தில் சிரித்து என் கையைத் தட்டிவிடப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை.

"எந்திரி காமு. மத்தியான பஸ்ஸு இருக்கு."

"என்னக்கா நீங்க, கடல அம்புட்டும் கெடக்கு," என்றாள்.